வெள்ளைக் கப்பலின் முறை

துறைமுகம்
பிப்ரவரி 3

மேதகு மச்சான் அவர்களின் சமூகத்துக்கு உன் அக்காள் புருஷன் எழுதுவது.

இங்கே நானும் உன் அக்காவும் நலம். அங்கே நீயும் உன் கோட்டும் நலமா? குளிர் காதைக் கடிக்கிறதாமே. தலையில் எதையாவது சுற்றிக்கொள். நாட்டின் மூளை அங்கேதான் இருக்கிறது என்று உன் அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

சின்ன நாடு என்றால் எது என்று முடிவு கட்டத்தான் உங்கள் மாநாடு என்று பேப்பரில் போட்டிருந்தான். படமும் போட்டிருந்தான். மச்சான், நம் நாட்டைச் சுருட்டி அந்த மண்டபத்துக்குள் வைத்தால் ஓரமாக நாற்காலி போடவும் இடம் மிஞ்சும் போலிருக்கிறதே! அங்கே உட்கார்ந்துகொண்டு சின்னது எது, சின்னது எது என்று தேடுகிறீர்களா?

இங்கே போன வாரம் ஒரு கூத்து. நான் கோபுரத்து அறையில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து கப்பல்களுக்கு முறை சொல்கிறவன் என்பது உனக்கு மறந்திருக்கும். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளைக்கு வேலை என்று ஒன்று இருப்பதே உனக்கு நினைவிருக்காது. வெளிக்கடலுக்கு யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் முதலில் கரை. கப்பலில் நோயாளி இருந்தால் மட்டும் விலக்கு. நம் துறைமுகம் தோன்றிய நாளிலிருந்து இதுதான் நடக்கிறது. அன்று முதலில் வந்தது ஒரு வெங்காயக் கப்பல், நம்மைவிடச் சின்ன தீவிலிருந்து. அடுத்தது சிமெண்டுக் கப்பல். மூன்றாவதாக எதிர்க்கரைப் பெரிய நாட்டின் வெள்ளைக் கப்பல், மேளதாளத்தோடு.

"வழி விடுங்க, உள்ளே அமைச்சர் இருக்கார்" என்றது வெள்ளைக் கப்பல்.

"இருக்கட்டுங்க. இங்க வெங்காயமும் இருக்கு" என்றேன்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"வெங்காயம் இறங்கணும், அப்புறம் சிமெண்டு. அதுவரைக்கும் அமைச்சர் ஐயாவை ஈரத்துல வைக்காதீங்க. முளைவிட்டுடும்."

சும்மாதான் சொன்னேன். ஆனால் அந்த ரேடியோவை எல்லாக் கப்பலும் கேட்குமே! கடல் முழுக்கச் சிரிப்பு. சிமெண்டுக்காரன் சிரித்துச் சிரித்து இருமியது இன்னும் காதில் இருக்கிறது. நீயும் சிரிப்பாய் என்று எழுதினேன். சிரிப்பு வராவிட்டால் மருத்துவரைப் பார்.

உன் அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அத்தான்


மாநாட்டு விடுதி
பிப்ரவரி 17

அத்தானுக்கு,

வணக்கம். நலம். அக்காவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லவும்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே உங்கள் நகைச்சுவை இங்கே வந்துவிட்டது. எதிர்க்கரையின் பிரதிநிதி மதிய உணவின்போது, எல்லோர் முன்னாலும், அதை எனக்குச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

உங்களுக்குக் கேலியாக இருக்கும் இந்த மாநாட்டில் வரையறைக் குழுவுக்கு நான்தான் தலைவர். சிறிய நாடு என்பதை மக்கள்தொகையைக் கொண்டு சொல்வதா, பரப்பளவைக் கொண்டு சொல்வதா, தன் பாதுகாப்பைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமையைக் கொண்டு சொல்வதா என்று சண்டை நடக்கிறது. வரையறை தீர்மானமாகிவிட்டால் சிறிய நாடுகள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துக் கடல் மன்றத்தில் ஒரு நாற்காலி கிடைக்கும். நமக்கு வாழ்நாளில் கிடைக்காத நாற்காலி அது. எதிர்க்கரை ஆதரிக்காவிட்டால் கிடைக்காது.

பெரிய நாடு இன்று ஒன்று சொல்லி நாளை வேறு சொன்னால் அதற்குக் கொள்கை மாற்றம் என்று பெயர். சிறிய நாடு அப்படிச் செய்தால் பொய் என்று பெயர். தீர்மானத்தில் எழுத முடியாத என் வரையறை இதுதான். நம்மிடம் படை இல்லை, எண்ணெய் இல்லை. வாய்ச்சொல் ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கடலில் இறைத்துவிட்டீர்கள்.

இனி இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம். குறிப்பாக, வேடிக்கையாகப் பேச வேண்டாம்.

அக்காவுக்கு அன்பு.


துறைமுகம்
மார்ச் 2

தலைவர் மச்சானுக்கு,

நலம், நலமே வேண்டுவது. உன் அக்காவின் மூட்டு அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்ததும் அவளுக்குத் தலையும் சேர்ந்து வலித்தது.

சின்ன நாட்டுக்கு வரையறை தேடி ஏனப்பா அலைகிறாய்? என்னைக் கேட்டிருந்தால் வண்டிச் செலவு இல்லாமல் சொல்லியிருப்பேன். உன் வீட்டில் நான். அவ்வளவுதான். வீட்டுக்கு என்ன சாயம் அடிக்கலாம் என்று எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் என்னைக் கேட்பார்கள், அதற்குள் சாயக்காரன் பாதி அடித்திருப்பான். உன் அப்பா இருந்தவரை அவர் சொன்ன ஜோக்குக்கு எல்லோருக்கும் முன்னால் நான் சிரிக்க வேண்டும். நான் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். இந்த வியாதி உனக்கு அப்பா வழியில் வந்தது.

அந்த வீட்டில் என்னைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று. குளியலறைக்கு முதலில் எழுந்தவர் முதலில் என்று உன் அப்பாவே போட்ட சட்டம். எனக்கு விடியுமுன் விழிப்பு வந்துவிடும். மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்பார், நான் உள்ளே பாடிக்கொண்டே குளிப்பேன். அந்த நேரத்துக்கு மட்டும் நான் வல்லரசு. அவர் நினைத்திருந்தால் சட்டத்தை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. அதற்காகத்தான் அவரை மதித்தேன், மற்றபடி அவர் முகத்தில் எப்போதும் எள்ளும் கொள்ளும்தான் வெடித்தது.

துறைமுகத் தலைவர் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். வெங்காயக் கப்பல் மாலுமியோ கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்த துறைமுகத்துல எல்லாம் பெரியவங்க முடிச்சப்புறம்தான் எங்களைக் கூப்பிடுவாங்க. பாதி வெங்காயம் அழுகிடும்" என்றார். நீ இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒன்று கேட்க மறந்தேன். ஏதோ சொல்லிச் சமாளித்ததாக எழுதியிருக்கிறாய். என்ன சொல்லிச் சமாளித்தாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்


மாநாட்டு விடுதி
ஏப்ரல் 11

அத்தானுக்கு,

வணக்கம். நலம். பதில் தாமதமானதற்குக் காரணம் வேலை.

எதிர்க்கரையிலிருந்து நமக்குக் குடிநீர் வரும் கடலடிக் குழாயைப் பழுது பார்க்கப் போவதாக அவர்கள் அறிவித்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எவ்வளவு காலம் ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்குப் புரியும் என நம்புகிறேன்.

இத்துடன் ஒரு வாசகம் வைத்திருக்கிறேன். அதை உங்கள் கையெழுத்தில் எழுதி, கீழே பெயர் போட்டு, துறைமுகத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்: "எதிர்க்கரைக் கப்பலுக்கே முதல் முறை உரியது. அதை அறிந்திருந்தும் என் கவனக்குறைவால் வேறு கப்பலை முதலில் அனுமதித்தேன். வருந்துகிறேன்."

மூன்று வரிகள். உங்களுக்கு இதனால் ஒரு கண்டிப்பு வரும், வேலை போகாது, அதற்கு நான் பொறுப்பு. குழாய் சரியாகிவிடும். குழு வேலையும் நடக்கும். பெரியவர்கள் இறங்கிவர ஒரு படிக்கட்டு வேண்டும். அந்தப் படிக்கட்டாக இருப்பதுதான் நம்மைப் போன்றவர்களின் வேலை. இதில் அவமானம் எதுவும் இல்லை.

நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்கிறேன்.

அக்காவுக்கு அன்பு. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லவும்.


துறைமுகம்
ஏப்ரல் 24

மச்சானுக்கு,

நாங்கள் நலம். காய்ச்சிக் குடிக்கத் தண்ணீர் கிடைத்தால் கட்டாயம் காய்ச்சுகிறோம்.

குழாய் நின்றுவிட்டது. தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வருகிறது. நான் குடத்தோடு போய் நின்றால் ஊரே என்னை ஒரு மாதிரி பார்க்கிறது. நேற்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா என் குடத்தைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உங்க வாய்க்கு நாங்க எதுக்கு நாக்கு வறண்டு கிடக்கணும்?"

"அம்மா, நான் உங்களுக்கு முன்னாடி வந்தேன்."

"அதான் தெரியுமே! முன்னாடி வந்தவன் பின்னாடி வந்தவன்னு பேசித்தானே ஊரைக் கெடுத்தீங்க. போங்க கடைசிக்கு."

போனேன். ஊருக்கெல்லாம் முறை சொல்கிறவன் கடைசியில் நின்றேன். லாரி தீர்ந்துவிட்டது. உன் அக்கா பக்கத்துத் தெருவுக்குப் போய் வாங்கி வந்தாள், அந்த மூட்டோடு.

நீ எழுதி அனுப்பிய மூன்று வரியையும் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், ஆனாலும் படித்தேன். நான் விட்டது வாய். முறை சரியாகத்தான் சொன்னேன். செய்த தப்புக்கு எத்தனை தோப்புக்கரணம் வேண்டுமானாலும் போடுகிறேன். செய்யாத தப்பை எப்படி எழுதுவது?

அதனால் நானே ஒரு வேலை செய்தேன். முந்தாநாள் ரேடியோவைத் திறந்து, "கடல்ல இருக்கிற எல்லாக் கப்பலுக்கும் ஒரு சேதி. அன்னிக்கு அமைச்சர் ஐயாவைக் கேலி பண்ணது தப்பு. முளைவிடும்னு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன், மன்னிக்கணும். முறை மட்டும் அதே முறைதான்" என்று சொன்னேன். எவ்வளவு மரியாதையாகச் சொன்னேன் தெரியுமா! உடனே ஒரு கப்பல், "அண்ணே, அப்ப முளைவிடாதா?" என்று கேட்டுத் தொலைத்தது. மறுபடியும் கடல் முழுக்கச் சிரிப்பு. இதற்கு நான் என்ன செய்வேன்?

அன்று என்ன சொல்லிச் சமாளித்தாய் என்பதை நேரில் சொல்லும் அளவுக்கு அது என்ன அவ்வளவு நீளமான பேச்சா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தான்


மாநாட்டு விடுதி
மே 6

ஐயா,

உங்கள் ரேடியோ மன்னிப்பை எதிர்க்கரை வானொலி இரண்டு நாள் ஒலிபரப்பியது, சிரிப்போடு சேர்த்து. என் குழுக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

நீங்கள் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர் என்பதை என் தந்தை பெண் கொடுக்கும்போது பொருட்படுத்தவில்லை. நான் அப்போதே பொருட்படுத்தினேன். ஒரு நாட்டின் கழுத்தில் கத்தி இருக்கும்போது குளியலறைக் கதை சொல்லிக்கொண்டிருக்கிற மனிதரோடு இனி வாதாட எனக்குப் பொறுமை இல்லை.

வீடு என் பெயரில் இருக்கிறது. இம்மாத முடிவுக்குள் அந்த வாசகத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் உங்கள் இருப்பிடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா அங்கேயே இருக்கலாம்.

அவள் நலமென நம்புகிறேன்.


துறைமுகம்
மே 21

மச்சானுக்கு,

உன் அக்கா நலம். இந்தக் கடிதத்தில் கேலி எதுவும் இல்லை, தேடாதே.

நேற்றுக் கையெழுத்துப் போடத்தான் போனேன். உன் மிரட்டலுக்காக இல்லை. தையல்காரம்மா வீட்டில் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கண்ட தண்ணீரையும் குடித்து வந்தது. அதைப் பார்த்த பிறகு நியாயமாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது. ஒரு தப்பை என் தலையில் போட்டுக்கொண்டால் தெருவுக்குத் தண்ணீர் வருமென்றால் வந்துவிட்டுப் போகட்டும் என்று, அந்த மூன்று வரியையும் எழுதி எடுத்துக்கொண்டு துறைமுகத் தலைவர் அறைக்குப் போனேன். பேர் போடுவதுதான் பாக்கி.

தலைவர் சந்தோஷத்தில் டீ வரவழைத்தார்.

"போடுங்க, போடுங்க. உங்க மச்சான் அன்னிக்கே சாப்பாட்டு மேசையில சொல்லிட்டாராமே. வெள்ளைக் கப்பலுக்கு எப்பவும் முதல் முறைதான், ரேடியோக்காரன்தான் சொதப்பிட்டான்னு. அவங்க அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. பொருத்தமா உங்க கையெழுத்து ஒண்ணு கிடைச்சா முடிஞ்சுது."

"எப்பவும்னா சொன்னான்?"

"எப்பவும்னுதான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு நாள் தப்பு என்றால் அது என் தலையோடு போய்விடும். எப்போதும் என்று ஒப்புக்கொண்டால் இனி எப்போதும்தான். நாளை வெள்ளைக் கப்பல் வரும், அதற்கு மறுநாள் அவர்கள் பீரங்கிக் கப்பல் வரும். "எங்களுக்கு எப்போதும் முதல் முறை, உங்கள் ஆளே எழுதிக்கொடுத்திருக்கிறான்" என்பார்கள். நம் கரைக்கு நாமே விருந்தாளி ஆகிவிடுவோம். உனக்கு இது தெரியாமலா இருந்தது? முகம் வாடாமல் ஒரு சாப்பாட்டை முடிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையை விட்டாய். அதை மறைக்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டாய். தண்ணீரைக் காட்டிக் கூப்பிட்டாய்.

"அப்ப நாளையிலேர்ந்து கோபுரத்துக்கு வராதீங்க. கீழே கயிறு கட்டுற ஆளுங்களோட நில்லுங்க" என்றார் தலைவர். சரி என்றேன்.

மண்டபத்தில் எழுந்து நின்று, அன்று சொன்னது தப்பு என்று நீ சொல். சின்ன நாடு சொன்னதைத் திரும்ப வாங்கினால் பொய்யாகிவிடும் என்று எழுதினாய். திரும்ப வாங்காவிட்டால் மட்டும் அது மெய்யாகிவிடுமா?

உன் அத்தான்


துறைமுகம்
ஜூன் 3

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். உன் நலத்தை இந்தத் தடவை விசாரிக்கவில்லை.

கயிற்றுக் கிடங்குக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. இரண்டு பேரும் வந்துவிட்டோம். தார் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. ஜன்னல் ஒன்றுதான், அதுவும் பாதிதான் திறக்கும். வீட்டைப் பூட்டிச் சாவியை நம் பெரியப்பா மகனிடம் கொடுத்திருக்கிறேன். அக்கா அங்கேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தாய். என்னை யார் என்று நினைத்தாய், வீட்டோடு வந்த அலமாரி என்றா?

அவரை நான் தினமும் திட்டுகிறேன். அந்த வாயை வாடகைக்கு விட்டிருந்தால் இன்னொரு வீடே கட்டியிருக்கலாம் என்று நேற்றுக்கூடச் சொன்னேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். நீ திட்ட வேண்டாம்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே. கேட்க வேண்டிய இடத்தில் கேள். அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

அக்கா


மாநாட்டு விடுதி
ஜூலை 29

அத்தானுக்கு,

வணக்கம். நலம். அக்கா எழுத வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு எழுத எனக்கு விருப்பம் இருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசிக் கூட்டத்தில் பேசினேன். எங்கள் துறைமுகத்தில் எந்த நாட்டுக் கப்பலுக்கும் முதல் முறை கிடையாது, முதலில் வந்த கப்பலுக்கே முதல் முறை, இதற்கு மாறாக நான் ஒரு விருந்தில் சொன்னது உண்மையல்ல, முறை சொன்னவர் சரியாகவே சொன்னார் என்றேன். மண்டபத்தில் பாதிப் பேருக்கு நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தடவை கேட்டார். இரண்டாம் தடவையும் சொன்னேன். முதல் தடவையைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது.

எதிர்க்கரைப் பிரதிநிதி மொழிபெயர்ப்புக் காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அந்த வெங்காயத் தீவின் பிரதிநிதி எழுந்தார். ஐந்து மாதமாக ஒரு வார்த்தை பேசாத பெண்மணி. "இவர் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். எங்கள் நாடும் இதே முறையைக் கேட்கிறது" என்றார். பின்வரிசையில் ஒவ்வொரு நாட்டுப் பலகையாக உயர்ந்தது. குறிப்பில் ஏறிவிட்டது.

அவ்வளவுதான் கிடைத்தது. நாற்காலி கிடைக்கவில்லை. வரையறை அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டது. மக்கள்தொகைக்காரர்களும் பரப்பளவுக்காரர்களும் இன்னும் சண்டை போடுகிறார்கள். குழுத் தலைமையிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள், நம் அரசும் திரும்ப அழைத்துவிட்டது. குழாயைப் பற்றி எதிர்க்கரை வாய் திறக்கவில்லை.

இதை உங்களுக்காகச் செய்யவில்லை. உங்கள் முளைவிடும் நகைச்சுவை இல்லாவிட்டால் எதுவும் நடந்திருக்காது. இதை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை. நான் விட்ட வார்த்தையையும் மறக்கப்போவதில்லை. தண்ணீர்ப் பழி நம் இருவருக்கும்தான்.

ஆகஸ்ட் இறுதிப் பயணிக் கப்பலில் வருகிறேன். வீட்டில் நான் தங்குவேன். நீங்கள் திரும்ப வர வேண்டும் என்று கெஞ்சப்போவதில்லை. வந்தால் கதவைச் சாத்தவும் மாட்டேன்.

அக்கா பேசுவாளா என்று கேட்டு எழுதவும்.


துறைமுகம்
ஆகஸ்ட் 9

முன்னாள் தலைவர் மச்சானுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். கேட்டேன். பேசமாட்டாளாம்.

உன் கடிதத்தை அவள் சத்தமாகப் படித்தாள், நான் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் தடவை கேட்ட இடத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். அது பாதிதான் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரொம்ப நேரம் அங்கேயே நின்று தள்ளிக்கொண்டிருந்தாள்.

கதவைச் சாத்தமாட்டேன் என்று எழுதியதற்கு நன்றி. ஆனால் நாங்கள் வருவதாக இல்லை. இங்கே குளியலறை கயிற்று ஆட்கள் எல்லோருக்கும் பொது, முதலில் எழுந்தவர் முதலில். எனக்கு அது போதும். உன் பக்கத்து அறையில் இருந்தால் என்றாவது ஒரு நாள் உன்னை அடித்துவிடுவேன், அப்புறம் அதற்கும் ஒரு மாநாடு போடுவார்கள்.

தையல்காரம்மா குழந்தை பிழைத்துக்கொண்டது. அவள் என்னோடு பேசுவதில்லை. தெருவில் பாதிப் பேர் பேசுவதில்லை. தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. நீ குறிப்பில் ஏற்றியதைச் சொன்னால், "அந்தக் குறிப்பைக் குடிக்க முடியுமா?" என்கிறார்கள். நீ படித்தவன், வந்து சொல். உன்னையும் கடைசியில்தான் நிறுத்துவார்கள். எனக்குப் பின்னால்.

கோபுரத்தில் புது ஆள் முறை சொல்கிறார். கேலி செய்யத் தெரியாத மனிதர், கடலே தூங்கி வழிகிறது. ஆனால் முறை பிசகவில்லை. முந்தாநாள் வெள்ளைக் கப்பல் மறுபடி வந்தது. மணல் கப்பலுக்குப் பின்னால் நின்றது. யாரும் சிரிக்கவில்லை, அது பாட்டுக்கு நின்றது. நான் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உன் அக்கா கரைக்கு வரமாட்டாளாம். ஆனால் பயணிக் கப்பலில் எந்தப் பக்கமாக இறக்குவார்கள் என்று நேற்று என்னைக் கேட்டாள். இன்று காலையும் கேட்டாள்.

நீ வரும் கப்பலின் கயிற்றை நான்தான் கட்டுவேன். இறங்குகிற பலகை ஈரத்தில் வழுக்கும். என்னை எரித்துவிடுவது போலப் பார்த்துக்கொண்டு இறங்காதே, காலடியைப் பார்த்து இறங்கு. கரைக்கு வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் என்னைப் பார்.

உன் அத்தான்